டெல்டாவின் அடியில் – மாளவியாவின் சட்டம்

மாதானத்திலிருந்து மேமாத்தூருக்கு கெயில் பதித்த 29 கிலோமீட்டர் எரிவாயுக் குழாயை, நட்ட வயலுக்குள் பொக்லைன் இறங்கிய இடத்தில் சென்ற வாரம் விட்டோம். அந்தக் குழாய்க்கு 2020-ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் ஏன் குறுக்கே நிற்கவில்லை என்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் சீர்காழி விவசாயி கைக்கு வரும் நோட்டீஸின் தலைப்பில் 1962-ஆம் ஆண்டுச் சட்டம் என்று இருக்கிறதே, அங்கே போய்ப் பார்த்தால் ஒரு மனிதர் வழிமறிக்கிறார். அவரைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

கேசவ தேவ் மாளவியா. உத்தரப் பிரதேசத்துக் காங்கிரஸ்காரர், நேருவின் அமைச்சர். பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் என்ற எண்ணெய்க் கம்பெனிகள் மூன்றும் வைத்ததுதான் விலை என்றிருந்த காலம். அசாமை விட்டால் இந்தியாவில் எண்ணெய் ஏது என்று மேற்கத்திய நிபுணர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். மாளவியா கேட்கவில்லை, மாஸ்கோவரை போய் ருஷ்ய வல்லுநர்களை அழைத்துவந்தார். 1956 ஆகஸ்டில் ஓஎன்ஜிசி ஆணையமானது. 1958-இல் காம்பே அருகே லூனேஜில் எண்ணெய். 1960-இல் அங்கலேஷ்வர். அங்கே முதல் கிணற்றுக்கு 'வசுதாரா' என்று பெயர் வைத்தவர் நேரு.

அதே 1960-இல் சோவியத் கச்சா எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. தங்கள் ஆலைகளில் அதைச் சுத்திகரிக்க மாட்டோம் என்றன மூன்று கம்பெனிகளும். மாளவியா அந்த மலிவு விலையைக் காட்டியே பேரம் பேசினார்; கடைசியில் கம்பெனிகள் தள்ளுபடி கொடுத்தன. யார் வில்லன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆள் விழுந்த கதைதான் விசித்திரம். ஒரிசாவின் சிராஜுதீன் சுரங்கக் கம்பெனியிடம் ஒரு தேர்தல் வேட்பாளருக்காக 10,000 ரூபாய் கேட்டார் என்ற விவகாரத்தில் 1963-இல் பதவி போயிற்று. இன்று ஒரு வார்டு தேர்தலுக்குக் காணாத பணம்!

விழுவதற்குச் சில மாதம் முன்னால், சீனப் போர் ஓய்ந்த 1962 டிசம்பரில், அவருடைய துறையின் சட்டம் ஒன்று வந்தது. அசாமின் நகர்கடியாவிலிருந்து பீகாரின் பரௌனிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாய் போய்க்கொண்டிருந்த நேரம். வழிநெடுக நிலத்தை வாங்குவதென்றால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். சட்டம் நிலத்தை வாங்கவில்லை. உபயோக உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். நெல் நடலாம். அந்தப் பட்டையில் வீடு, கிணறு, குளம், மரம் மட்டும் கூடாது. பயிர்ச்சேதத்துக்கு ஈடு போக, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். மூன்று கம்பெனிகளிடம் காசுக்குக் காசு கணக்குப் பார்த்த மாளவியாவின் துறை, குடியானவனுக்கு எழுதிய கணக்கு இவ்வளவுதான். நாயகன்தான், ஆனாலும் இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம்.

இன்றுவரை ஆள்வது இந்தச் சட்டம்தான். கொங்கு மண்டலத்தில் 7 மாவட்டங்கள் வழியாக கெயில் குழாய் வந்தபோது, வயலை விட்டுச் சாலையோரம் போடுங்கள் என்று 2013-இல் சொன்னார் ஜெயலலிதா. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசு தோற்றது.

பக்கம் தீர்ந்துவிட்டது. 2020 சட்டத்தைப் பற்றி ஒரு வரி மட்டும்: புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுவதைத் தடுத்த அந்தச் சட்டம், துறைமுகம், சாலை ஆகியவற்றோடு குழாய்ப் பாதையையும் தன் பிடியிலிருந்து விலக்கிவிட்டது. யார் கேட்டு, எப்படி என்பது அடுத்த வாரம். அதற்குள் உங்கள் சர்வே எண் அரசிதழ் அறிவிப்பில் வந்தால், அறிவித்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க அந்த 1962 சட்டத்திலேயே இடம் இருக்கிறது. எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.