கையில் தாளோடு ஒரு நாடகம்

1951 அக்டோபர். நியூயார்க் கார்னகி ஹால் மேடையில் திரை இல்லை, செட் இல்லை. உயரமான ஸ்டூல்கள், பாட்டுக் கச்சேரியில் தாள் வைத்துக்கொள்ளும் ஸ்டாண்டுகள், மைக், அவ்வளவுதான். கோட்டு சூட்டில் மூன்று ஆண்கள், விருந்துக்குப் புறப்பட்டது போன்ற உடையில் ஒரு பெண். வந்தார்கள், உட்கார்ந்தார்கள், எதிரே இருந்த புத்தகத்தைத் திறந்தார்கள், தொடங்கினார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது பெர்னார்ட் ஷாவின் ‘மேன் அண்ட் சூப்பர்மேன்’ நாடகத்தின் மூன்றாம் அங்கம். பெண்களை ஏமாற்றித் திரிந்தவன் என்று ஸ்பானியப் பழங்கதை சொல்லும் டான் ஜுவான், நரகத்தில் சாத்தானோடு வாதாடுகிற பகுதி. நாடகத்தைப் போடுகிறவர்கள் நீளத்துக்குப் பயந்து வழக்கமாக வெட்டிவிடுவதும் இதைத்தான். சார்லஸ் லாட்டன் சாத்தான், சார்லஸ் போயர் டான் ஜுவான். கூடவே செட்ரிக் ஹார்ட்விக், ஆக்னஸ் மூர்ஹெட். நால்வருக்கும் வசனம் மனப்பாடம். புத்தகம் திறந்திருந்தது ஒரு பாவனைக்காகத்தான். ஆனால் அந்தப் பாவனைதான் பின்னால் ஆயிரக்கணக்கான வகுப்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்று அமெரிக்கப் பள்ளிகளில் ‘ரீடர்ஸ் தியேட்டர்’ என்று அழைக்கப்படும் முறை இதுதான். பிள்ளைகள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். ஒருவர் கதைசொல்லி, மற்றவர்கள் பாத்திரங்கள். வேஷம் வேண்டாம், நெட்டுருப் போட வேண்டாம், மேடையில் அங்குமிங்கும் நடக்கவும் வேண்டாம். குரலை வைத்தே கதையைத் தூக்கி நிறுத்த வேண்டும்.

இதன் வம்சாவளியை எழுதுகிறவர்கள் ஏதென்ஸில் தொடங்குவது வழக்கம். பனதெனயா திருவிழாவில் ஹோமரின் காவியங்களைச் சொல்லவந்தவர்கள், ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருந்தது உண்மை. என்றாலும், எதற்கெடுத்தாலும் கிரேக்கத்திலிருந்து பிள்ளையார்சுழி போடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பெயர் பிறந்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது. 1945-ல் நியூயார்க்கில் ஒரு குழு ‘ரீடர்ஸ் தியேட்டர்’ என்றே தனக்குப் பெயர் வைத்துக்கொண்டு சோபக்ளீஸின் ‘ஈடிபஸ்’ நாடகத்தை வாசித்துக் காட்டியது. யாரும் மேடையேற்றாத பெரிய நாடகங்களை மக்கள் ஒருமுறையாவது கேட்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். மேடையேற்றம் என்றால் செலவு. வாசிப்பதென்றால் ஆட்கள் இருந்தால் போதும். ஆக, இந்தக் கலை பிறந்ததில் பாதிக் காரணம் கைக்காசு.

மறுபாதி, லாட்டன் போன்றவர்களின் தொண்டை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மருத்துவமனைகளில் கிடந்த காயம்பட்ட வீரர்களுக்கு அவர் புத்தகம் வாசித்துக் காட்டினார். டிக்கன்ஸ் வாசித்தார், பைபிள் வாசித்தார். பிறகு பால் கிரிகரி என்ற தயாரிப்பாளர், லாட்டன் தொலைக்காட்சியில் பைபிள் கதை சொல்வதைப் பார்த்துவிட்டு, இந்தக் குரலை ஊர் ஊராகக் கொண்டுபோகலாம் என்று தேடி வந்தார். தனி மனிதராகச் சுற்றிய அந்தப் பயணங்கள்தான் நால்வர் அணியாக வளர்ந்தன.

ஈடிபஸ் ஒரு புராணம். டான் ஜுவான் ஒரு பழங்கதை. இந்தக் கலை எடுத்த எடுப்பில் நவீனக் குடும்ப நாடகங்களைப் பிடிக்காமல் இவற்றைப் பிடித்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நரகத்தைக் கட்டிக்கொடுக்கத் தச்சர் கிடைக்கமாட்டார். கட்டினாலும் பார்ப்பவர் மனதிலுள்ள நரகத்துக்கு அது ஈடாகாது. வரவேற்பறை நாடகத்துக்கு நாற்காலி வேண்டும், ஜன்னல் வேண்டும். சிங்கமும் சுண்டெலியும் பேசும் கதைக்கு எதுவுமே வேண்டாம். இல்லாத இடத்தை இருப்பதுபோலக் கேட்கவைக்க, ஏற்கனவே எங்கும் இல்லாத இடத்தில் நடக்கும் கதைகளே தோதானவை.

அடுத்த கட்டம் கல்லூரிகளில் நடந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ப்ரீன் என்ற பேராசிரியர், நாவலை மேடைக்குக் கொண்டுவரும்போது கதைசொல்லியை வெளியே தள்ளாமல் ஒரு பாத்திரமாகவே நிறுத்திப் பார்த்தார். 1967-ல் லெஸ்லி ஐரீன் கோகர், மெல்வின் வைட் இருவரும் சேர்ந்து இந்தக் கலைக்கு ஒரு கையேடு எழுதினார்கள். அதற்குள் உத்திகள் தேறிவிட்டிருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பேசிக்கொள்ளும் இருவர் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. இருவருமே பார்வையாளர்களின் தலைக்கு மேலே, எதிர்ச் சுவரில் ஒரே புள்ளியைப் பார்த்துப் பேசுகிறார்கள். கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். ஆனால் செய்து பார்த்தால் கதை மேடையில் நடப்பதை விட்டுவிட்டு அரங்கின் நடுவே, கேட்பவர்கள் இருக்கும் இடத்தில் நடக்கத் தொடங்கிவிடும். கூச்சப்படும் பிள்ளைக்கும் இது வரப்பிரசாதம். நண்பன் முகத்தைப் பார்த்தால்தானே சிரிப்பு வரும்?

நீதிக்கதைகள் பிராட்வே வரை போனது 1970-ல். பால் சில்ஸ் ‘ஸ்டோரி தியேட்டர்’ என்ற பெயரில் ஈசாப் கதைகளையும் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளையும் மேடைக்குக் கொண்டுவந்தார். இவருடைய தாய் வயோலா ஸ்போலின், சிகாகோவில் எளிய வீட்டுப் பிள்ளைகளோடு வேலை செய்து நாடக விளையாட்டுகளை உருவாக்கியவர். மகனின் மேடையில் தாள் கிடையாது, அதனால் அதை வாசிப்பு அரங்கு என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஒரு முடிச்சு அவிழ்ந்தது. நரியாக வருகிறவரே “நரி மரத்தடிக்கு வந்தது, மேலே பார்த்தது” என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் நரியாகவே பேசுவார். சொல்பவரும் ஆடுபவரும் ஒரே உடம்பு. நீதிக்கதையில் கதைசொல்லியின் வரிகளை வெட்டினால் மிஞ்சுவது நாலு வசனம்தான். அந்த வரிகளில்தான் கிண்டல் இருக்கிறது. இன்று கிடைக்கும் பல பள்ளிப் பிரதிகள் “நாடகமாக்குகிறேன்” என்று சொல்லி அதையே முதலில் வெட்டுகின்றன. எரிச்சலாக இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்குள் இது வேரூன்றியதற்குக் காரணம் கலை அல்ல, வாசிப்பு ஆராய்ச்சி. 1974-ல் லாபெர்ஜ், சாமுவேல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் முழுதும் செலவாகிவிட்டால் பொருளுக்கு மிச்சம் இருக்காது. எழுத்துக் கூட்டுவது தன்னால் நடக்கப் பழகினால்தான் மனம் விடுபடும். 1979-ல் சாமுவேல்ஸ் அதற்கு வழியும் சொன்னார்: சிறு பகுதி ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைப்பது. வழி சரிதான். சிக்கல் பிள்ளைகளிடம் இருந்தது. படித்த பக்கத்தையே ஏன் மறுபடி படிக்க வேண்டும் என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்டால் என்ன பதில்?

பதில், கையில் இருந்த அந்தத் தாள். வெள்ளிக்கிழமை வாசித்துக் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டால், திங்கள் முதல் வியாழன் வரை திரும்பப் படிப்பது ஒத்திகையாகிவிடுகிறது. டெக்சாஸைச் சேர்ந்த மார்ட்டினெஸ், ரோசர், ஸ்ட்ரெக்கர் என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு 10 வாரம் இதைச் செய்து பார்த்து எழுதிய கட்டுரை பெரிதும் பேசப்பட்டது. திங்களன்று ஆசிரியர் கதையை வாசித்துக் காட்டுவார். பிள்ளைக்கு இரண்டு பிரதிகள், ஒன்று வீட்டுக்கு. பள்ளியில் இருக்கும் பிரதிகள் ஒவ்வொன்றிலும் ஒரு பாத்திரத்தின் வரிகள் வண்ணப் பேனாவால் கோடிட்டிருக்கும். ஒருமுறை படித்து முடித்ததும் பிரதியைப் பக்கத்துப் பிள்ளைக்குத் தள்ளிவிட வேண்டும். இப்போது ராஜா குதிரையாவான், குதிரை ராஜாவாகும். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானிப்பது புதன்கிழமைதான். அதற்குள் எல்லாரும் எல்லா வரிகளையும் படித்துவிட்டிருப்பார்கள். வாசிப்பு வேகம் அந்த வகுப்புகளில் நிமிடத்துக்குச் சராசரியாக 17 சொற்கள் கூடியது. ஒப்பிட எடுத்துக்கொண்ட வகுப்புகளில் கூடியது சுமார் 7. எனக்கு இந்த எண்களைவிட அந்தப் பிரதி தள்ளும் தந்திரம்தான் பிடித்திருக்கிறது. முக்கியப் பாத்திரம் எப்போதும் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கே போகும் என்ற பழைய கணக்கு அதில் அடிபட்டுப்போகிறது.

பிரதிகளுக்கு எங்கே போவது? கலிபோர்னியாவின் ஹம்போல்ட் பகுதியில் ‘சேம்பர் ரீடர்ஸ்’ என்ற குழு பள்ளி பள்ளியாகப் போய் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தது. அதில் நடிகராக இருந்த ஆரன் ஷெப்பர்ட், உலக நாடோடிக்கதைகளையும் புராணங்களையும் இப்படிப் பிரித்து எழுதி 1993-ல் ‘ஸ்டோரிஸ் ஆன் ஸ்டேஜ்’ என்று தொகுத்தார். மகாபாரதத்திலிருந்து சாவித்திரி கதையை 1992-ல் படக்கதைப் புத்தகமாகவும் எழுதியிருக்கிறார். அதற்கும் வாசிப்புப் பிரதி உண்டு. வனபர்வத்துக் கதை ஒன்று இந்த வழியாக அமெரிக்கப் பிள்ளைகளின் வாய்க்குப் போயிருக்கிறது.

அந்தக் கதையைக் கையிலெடுத்துப் பார்த்தால் முறை எங்கே வேலை செய்கிறது என்பது பிடிபடும். எமன் சத்தியவானின் உயிரைக் கட்டிக்கொண்டு போகிறான், சாவித்திரி பின்னாலேயே நடக்கிறாள். சத்தியவானின் உயிரைத் தவிர வேறு எதையும் கேள் என்கிறான் எமன். மாமனாருக்குக் கண் கேட்கிறாள், தந்தேன். அவருடைய நாடு கேட்கிறாள், தந்தேன். தன் தந்தைக்கு நூறு பிள்ளைகள், தந்தேன். சத்தியவான் வழியாகத் தனக்கு நூறு பிள்ளைகள், தந்தேன். முதல் நாள் எமனாகப் படிக்கும் பையன் நான்கு ‘தந்தேன்’களையும் ஒரே மாதிரி கத்துவான். எமன் என்றால் கத்தவேண்டும் என்பது அவன் கொள்கை. இரண்டாம் நாள் அவன் கையில் சாவித்திரியின் பிரதி இருக்கும். நான்காவது வரத்தில் அவள் என்ன செய்தாள் என்பது அப்போதுதான் உறைக்கும். கணவன் இல்லாமல் பிள்ளைகள் எப்படி? மறுநாள் திரும்ப எமனாக வரும்போது முதல் மூன்றையும் அலட்சியமாக, வழியை விட்டு நகர்ந்தால் போதும் என்பதுபோல் சொல்வான். நான்காவதைச் சொல்லி முடிக்கும் முன்பே குரல் தடுக்கும். மாட்டிக்கொண்டோம் என்று எமனுக்குத் தெரிந்துவிட்டது. ஆசிரியர் ‘உணர்ச்சியோடு படி’ என்று சொல்லி இதை வரவழைக்க முடியாது.

கதைசொல்லியின் பங்கை முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவரிடம் கொடுக்கக்கூடாது. மூன்றாகப் பிரிக்கலாம், ஒருவர் காடு, ஒருவர் அரண்மனை, ஒருவர் வழிநடை என்று. வரிகள் குட்டையாகும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் ஒரு பங்கு கிடைக்கும். பார்க்க வருவது பக்கத்து வகுப்பாக இருந்தால் போதும். பெற்றோரை அழைத்தால் அன்றைக்கே யாராவது எமனுக்குப் பாசக்கயிறும் மீசையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், பிறகு தாளை யாரும் பார்க்கமாட்டார்கள்.