மன்னிப்பு யாருடையது?



தீமை செய்தவருக்கும் நன்மை செய் என்பது கிறிஸ்தவத்தின் மையமான போதனை. அதை மறுக்க நான் இங்கே நிற்கவில்லை. பெரம்பலூர்ப் பக்கத்துச் சேரி ஒன்றில், தினமும் ஜெபமாலை சொன்ன பாட்டியிடம் வளர்ந்தேன். ஊரில் என்ன அவமானம் நடந்தாலும், "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துட்டுப் போ" என்பார். அந்தச் சொல் அவருக்கு ஆறுதல். அதே சொல்லை, எங்களை அவமதித்தவர்களே எங்களுக்கு உபதேசமாகச் சொன்னபோதுதான் கேள்வி எழுந்தது: மன்னிக்கும்படி யார், யாரிடம் சொல்கிறார்கள்?

அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியிலிருந்து தொடங்குவோம். அங்குள்ள அடைக்கல மாதா கோயிலை எழுப்பியவர் வீரமாமுனிவர். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அதன்மேல் கலம்பகமும் பாடினார். அடைக்கலம், காவல் என்ற இரண்டு பெயர்களும் துன்பப்பட்டு வருபவருக்கு வாசல் திறந்திருக்கிறது என்கின்றன. இதே வீரமாமுனிவர்தான் 1730இல் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். தீங்கு செய்தவருக்கு நன்மை செய்யச் சொல்லும் குறள் அந்த அறத்துப்பாலில்தான், இன்னாசெய்யாமை அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் வள்ளுவர் சும்மா நன்மை செய்யச் சொல்லவில்லை. தீங்கு செய்தவர் நாணும்படி செய்யச் சொல்கிறார். அந்த நாணம் வராவிட்டால் நன்மையின் வேலை முடியவில்லை என்றுதான் பொருள்.

வீரமாமுனிவர் பணிசெய்த மதுரை மிஷனில் அந்த நாணம் வந்ததா? அங்கே சாதிக்கேற்ற குருக்கள் இருந்தார்கள். மேல்சாதியார் ஒதுக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தால், சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் கொடுக்கவே தயங்கினார்கள். ரோமில் இது நீண்ட வழக்காயிற்று. 1744இல் திருத்தந்தை 14ஆம் ஆசீர்வாதப்பர், அந்த வீடுகளுக்குள் குருக்கள் போக வேண்டும் என்பதை உறுதி செய்தார். சேசு சபையார் கண்ட வழி என்ன? பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்கினார்கள். ஆணையும் நிறைவேறியது, தீண்டாமையும் நிலைத்தது. சாகிறவர் வீட்டு வாசலில் நின்று யோசித்தவர்களை யாரும் தண்டிக்கவில்லை. பொறுத்துக்கொண்டவர்கள் நம் முன்னோர்தான்.

இது பழங்கதை அல்ல. 1990இல் தமிழக ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் கொண்டுவந்தது. தவறு நடந்திருக்கிறது என்ற ஒப்புதல் அதிலேயே இருக்கிறது. ஏலாக்குறிச்சியும் கும்பகோணம் மறைமாவட்டம்தான், பெரம்பலூர் மாவட்டத்தை ஒட்டிய துறையூர் வட்டத்திலுள்ள கோட்டப்பாளையமும் அதே மறைமாவட்டம்தான். கோட்டப்பாளையம் பங்கின் தலித் கத்தோலிக்கர்கள், திருவிழாவில் தங்களுக்குப் பங்கில்லை, தேர் தங்கள் தெருவுக்கு வருவதில்லை, கல்லறையும் தனி என்று நீதிமன்றம் போனார்கள். 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது.

வெளியே சட்டத்தின் நிலை இன்னும் மோசம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்தைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. சீக்கியரான தலித்துகளை 1956இலும், பௌத்தரானவர்களை 1990இலும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவருக்குக் கதவு திறக்கவில்லை. பட்டியலில் இல்லாதவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இல்லை. ஆக, கோயிலுக்குள் மன்னிக்கச் சொல்கிறார்கள். வெளியே, உன்மேல் குற்றமே நடக்கவில்லை என்கிறார்கள்.

அப்படியானால் மன்னிப்பே வேண்டாமா? ஒடிசாவின் மனோகர்பூரில் 1999 ஜனவரியில் கிரகாம் ஸ்டெயின்சையும் அவருடைய இரண்டு சிறுவர்களையும் வண்டிக்குள் வைத்து எரித்தார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அவர் மனைவி கிளாடிஸ் அறிவித்தார். தொழுநோயாளர்களுக்கான பணியையும் தொடர்ந்தார். ஆனால் வழக்கு நிற்கவில்லை. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த மன்னிப்பை யாரும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை. அவருடையது, அவரே கொடுத்தார். அவர் பகை வளர்க்கவும் இல்லை, குற்றத்தைக் குற்றமில்லை என்று ஆக்கவும் இல்லை.

மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன இயேசுவே, தலைமைக் குருவின் முன் ஒரு காவலன் அறைந்தபோது வாய்மூடி நிற்கவில்லை. நான் பேசியது தவறானால் தவறைக் காட்டு, சரியானால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டதாக யோவான் நற்செய்தி சொல்கிறது. திருப்பி அடிக்கவில்லை, ஆனால் கேள்வி கேட்டார். கோட்டப்பாளையத்து மக்கள் கல்லெறியாமல், கோயிலை விட்டும் போகாமல், மனு எழுதியது இதே மரபில்தான். தீமை செய்தவரை மனிதராகவே மதித்து அவரிடம் பதில் கேட்பதைவிடப் பெரிய அன்பு என்ன இருக்கிறது?

கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனத்தின் முறை தெரியும். மனம் வருந்த வேண்டும், வாய்விட்டு அறிக்கையிட வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். சாதிப் பாவத்துக்கு மட்டும் பரிகாரம் இல்லாமலே மன்னிப்பு கேட்கிறார்கள்.

நாளை உங்கள் பங்கில் யாராவது "மன்னித்துவிடுங்கள்" என்றால், கோபப்படாதீர்கள். மன்னிக்க நாங்கள் தயார் என்று சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: தேர் எங்கள் தெருவுக்கு எந்த வருடம் வரும்? கல்லறை எப்போது ஒன்றாகும்?