எந்த இதழில்? மரக்காணத்திலிருந்து ஒரு கேள்வி

பல ஆண்டுகளுக்கு முன்னால் மரக்காணம் பற்றி ஒரு சிறு வெளியீடு எழுதினேன். கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளஸ் குறிப்பிடும் ‘சோபட்மா’ துறைமுகமும், சிறுபாணாற்றுப்படை பேசும் நல்லியக்கோடனின் எயிற்பட்டினமும் இந்த ஊர்தான் என்பது அதன் முதல் பத்தி. ‘சோ’ என்றாலும் மதில், ‘எயில்’ என்றாலும் மதில் என்ற விளக்கத்தையும் சேர்த்திருந்தேன். ஆதாரம்? ‘ஆய்வாளர்கள் கூறுவர்’ என்று போட்டிருந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு பெண் அந்த வெளியீட்டை எடுத்துக்கொண்டு வந்தார். உப்பளத் தொழிலாளியின் மகள். முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்கிறார். “எந்த ஆய்வாளர், தோழர்? எந்தப் பத்திரிகையில எழுதினாரு? வருஷம் என்ன?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் எடுத்தது வேறொருவர் புத்தகத்திலிருந்து. அவரும் ‘ஆய்வாளர்கள்’ என்றுதான் எழுதியிருந்தார்.

இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழில் ஒரு கருத்து பெரும்பாலும் முதலில் இதழில்தான் பிறக்கிறது. நூலாவது பிறகு. நாமோ நூலை மட்டும் சுட்டுகிறோம். வி. கனகசபைப் பிள்ளை ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய தமிழர் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கு எல்லோரும் 1904 என்று ஆண்டு போடுகிறோம். அக்கட்டுரைகள் 1895க்கும் 1901க்கும் இடையில் ‘மெட்ராஸ் ரிவியூ’ இதழில் வந்தவை. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலும் புறநானூற்றை 1894இலும் அச்சிட்டார். ஆக, அந்த ஏடுகள் அச்சேறிய சூட்டோடு நடந்த விவாதம் அது. 1904 என்று மட்டும் எழுதினால் அந்தச் சூடு ஆறிப்போகிறது.

அயோத்திதாசரிடம் வந்தால் இழப்பு இன்னும் பெரியது. 1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கி, அடுத்த ஆண்டே ‘தமிழன்’ ஆனது அந்த வார இதழ். 1914இல் அவர் மறையும்வரை வாராவாரம் எழுதினார். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த தொகுதிகள் வந்த பிறகுதான் பலரும் அவரைப் படித்தோம். அத்தொகுதிகள் பொருள்வாரியாகப் பகுக்கப்பட்டவை. ‘தொகுதி 1, பக்கம் இவ்வளவு’ என்று மட்டும் எழுதினால், சுதேசி அலை வீசிய 1908இல் சொன்னதும் சாதி குறித்த சர்ச்சை கிளம்பிய 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சமயத்தில் சொன்னதும் ஒன்றாகிவிடும். எதிராளிக்குப் பதில் சொன்னவர் காலமற்ற ஞானியாக்கப்படுவார். சிந்தனையாளரைச் சிலையாக்கும் வேலையை அடிக்குறிப்பும் செய்யும்.

இன்னொரு பொய்யும் நம்மிடம் உண்டு. காலனிய அரசு சுதேசப் பத்திரிகைகளைக் கண்காணித்து, அவற்றின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் ரகசிய அறிக்கைகளாகத் தயாரித்தது. அதைப் பார்த்துவிட்டு, மூல இதழையே பார்த்ததுபோல எழுதுகிறோம். அரசாங்க மொழிபெயர்ப்பாளன் குரல் பத்திரிகைக்காரன் குரலாக மாறிவிடுகிறது. பார்த்தது எதுவோ அதைச் சொல்ல வேண்டும்: ‘இன்ன இதழ், இன்ன தேதி, இன்ன அறிக்கையின் வழியாக.’

அந்தப் பெண்ணுக்கு வேறொரு சிக்கல். உப்பளக் கூலி பற்றி ஒரு சிறுபத்திரிகையில் வந்த கட்டுரையை அவர் சுட்டியிருந்தார். “இதெல்லாம் அங்கீகரிச்ச ஜர்னல் இல்லம்மா, எடுத்துடு” என்றாராம் நெறியாளர். அதே விவரம் மூலம் சொல்லாமல் ஓர் ஆங்கில நூலில் இருக்கிறது; அதைச் சுட்டலாமாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்த ‘கேர்’ இதழ்ப் பட்டியலை 2025இல் அதுவே கைவிட்டது. பட்டியல் போனாலும் பட்டியல் மனம் போகவில்லை. “எங்கம்மா பாத்தியில வாருற உப்பு, மூட்டையில ஏறும்போது மொதலாளி பேர்லதான் போவுது. இதுவும் அப்படித்தானா?” என்றார்.

நாம் மட்டும் யோக்கியமா? ஆண்டு போடாமல் ‘இதழ் 7’ என்று மட்டும் அச்சிட்டோம். பக்க எண்ணை மறந்தோம். புனைபெயருக்குப் பின்னால் யார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழ், மலர் எண், இதழ் எண், மாதம், ஆண்டு, பக்கம். ‘சித்திரபுத்திரன்’ என்று ‘குடிஅரசு’ அச்சிட்டிருந்தால் அப்படியே எழுதி, பெரியார் என்பதை அடைப்புக்குறிக்குள் தரலாம். பெயரில்லாத கட்டுரைக்குப் பெயரில்லை என்றே சொல்லலாம். தொகுப்பில் படித்தால் இரண்டையும் சொல்ல வேண்டும்.

என் வெளியீட்டை மறுபதிப்புச் செய்யக் கேட்கிறார்கள். ‘ஆய்வாளர்கள் கூறுவர்’ என்பதை அடித்துவிட்டேன். எந்த நூலில் படித்தேன் என்பதைப் பக்கத்தோடு எழுதி, ‘மூலத்தை நான் பார்க்கவில்லை’ என்று சேர்த்திருக்கிறேன். எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.