ரேடியோவில் கரகர சத்தமா? மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிப் பாருங்க!

புயலில் கரண்டும் செல்போன் டவரும் போய்விட்டால் செய்தி கேட்க கைகொடுப்பது பேட்டரி ரேடியோதான். அது கரகரத்தால் என்ன செய்வது? இப்பவே சரிபார்த்துடுங்க.

▪ சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் போன்ற மீடியம் வேவில் இரைச்சலா? ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, மெயின் சுவிட்ச், இன்வெர்ட்டர் இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். சத்தம் நின்றால் ரேடியோ மேல தப்பில்லை. எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் என ஒவ்வொன்றாக ஆன் செய்தால் காரணம் தெரிந்துவிடும்.

▪ சத்தம் நிற்கலையா? ரேடியோவையே மெதுவாகத் திருப்புங்கள். மீடியம் வேவ் ஆன்டெனா, பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் குச்சி. திசை மாறினால் சிக்னலும் மாறும்.

▪ வெளியே இழுக்கும் கம்பி எஃப்எம்முக்குத்தான். 75 செ.மீ. நீளம் இருந்தால் நன்றாக எடுக்கும்.

தெளிவாகக் கேட்கும் இடத்தை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைங்க. மாற்று பேட்டரியும் இருக்கட்டும்.