பின்பாரம்: சரிவில் ஓடும் பொம்மைக் காரில் எடை வைக்கும் முறை

வண்டியில் ஏற்றிய சுமை அச்சுக்குப் பின்னால் மிகுந்துவிட்டால் அது பின்பாரம். மாட்டுவண்டிக்கு அது ஆகாது. நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அதனால்தான் வண்டிக்காரர்கள் மூட்டைகளைச் சற்று முன்பாரமாக அடுக்குவார்கள். எஞ்சினோ சாவியோ இல்லாமல் சரிவில் விட்டதும் தானே ஓடும் பொம்மைக் காருக்கோ கூடுதல் வேகம் தருவது பின்பாரம்தான்.

பின்பாரம் லாரிக்கும் ஆகாது. நாமக்கல் மாவட்டத்தின் சேந்தமங்கலம் கொல்லிமலை அடிவாரத்து ஊர். இவ்வழியே காரவல்லி போய் மலையேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் லாரியின் பாரம் வால்பக்கம் ஒதுங்கினால் முன்சக்கரத்தின் பிடி தளர்ந்து ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. லாரித் தொழிலுக்குப் பேர்போன மாவட்டத்தில் இது பலரும் அறிந்த சங்கதி. தேய்ந்த பேரிங்குகளைப் பலகையில் மாட்டிப் பிள்ளைகள் செய்யும் பேரிங் வண்டிக்கும் இதே கணக்குத்தான்.

பொம்மைக் காரைச் சரிவின் உச்சியில் மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தும்போது அதன் வால்தான் உயரத்தில் இருக்கும். எடையை வாலருகே வைத்தால் அந்த எடை கூடுதல் உயரத்திலிருந்து இறங்குகிறது. கீழே சமதரைக்கு வந்தபின் முன்னெடைக்கும் பின்னெடைக்கும் உயரம் ஒன்றே. இறங்கிய உயரம்தான் வேகமாக மாறுகிறது. 30 பாகைச் சரிவில் காரின் எடை மையத்தை 5 செ.மீ. பின்னுக்குத் தள்ளினால், அது 2.5 செ.மீ. கூடுதலாக இறங்கும். மொத்த இறக்கம் 1 மீட்டர் என்றும், உராய்வு இல்லை என்றும் கொண்டால், வேகம் நொடிக்கு 4.43 மீட்டரிலிருந்து 4.48 மீட்டராகும். அற்ப வித்தியாசமாகத் தோன்றலாம். ஆனால் 10 மீட்டர் சமதரை ஓட்டத்தில் அது சுமார் 12 செ.மீ. முந்துதல்.

இந்த நுட்பம் மிகவும் அலசப்பட்டது அமெரிக்காவின் 'பைன்வுட் டெர்பி' பந்தயத்தில். டான் மர்ஃபி என்பவர் சிறுவர் சாரணர்களுக்காக 1953இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் இதைத் தொடங்கினார். அங்கே காரின் எடை வழக்கமாக 5 அவுன்சுக்கு, அதாவது சுமார் 142 கிராமுக்கு, மேற்படக் கூடாது. அந்த வரம்பின் விளிம்பு வரை எடை ஏற்றுவதே நல்லது. காற்றின் தடை எடையைப் பார்த்து வருவதில்லை. கனமான காரை அதனால் எளிதில் தடுக்க முடியாது. சக்கரம் மட்டும் லேசாக இருக்க வேண்டும். அதைச் சுழற்றச் செலவாகும் ஆற்றல் ஓட்டத்துக்குக் கிடைக்காது.

பின்பாரத்துக்கும் எல்லை உண்டு. எடை மையம் பின் அச்சை நெருங்கிவிட்டால் முன்சக்கரம் தரையில் பதியாது. சரிவு முடிந்து சமதரை தொடங்கும் இடத்தில் மூக்கு எழும்பும், கார் தடத்தின் ஓரத்தில் உரசும், பெற்ற வேகமெல்லாம் அங்கேயே போய்விடும். அதனால் பின் அச்சுக்குச் சுமார் 2.5 செ.மீ. முன்னால் எடை மையம் விழும்படி வைப்பது வழக்கம். தெரிந்துகொள்ளத் தராசு வேண்டாம். ஒரு பென்சிலைக் குறுக்காகக் கிடத்தி அதன்மேல் காரை முன்னும் பின்னும் நகர்த்தினால், எந்தப் பக்கமும் சாயாமல் கார் நிற்கும் இடம்தான் எடை மையம்.

நுங்கு வண்டிக்கு இந்த விதி பொருந்தாது. நுங்கு தின்றபின் மிஞ்சும் கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்துக் கவைக்கம்பால் தள்ளும் வண்டி அது. தள்ளுபவரின் கால்தான் எஞ்சின். அங்கே எடை சுமை மட்டுமே.

எடைக்கு இரும்பு நட்டு, வாஷர் போதும். ஈயம் இரும்பைவிடக் கனம், சிறு குழியில் அடங்கும் என்று சிலர் அதை உருக்கி ஊற்றுகிறார்கள். ஈயம் நஞ்சு, பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டில் அதை உருக்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.