பத்து ரூபாய்த் தீர்வையும் நாலு நிறச் சீட்டும்

2019 டிசம்பர் கடைசி வாரத்தில் ஏரியூர் ஒன்றியத்தில் ஓட்டுப் போடப் போனவர்கள் கையில் நாலு சீட்டுகளைக் கொடுத்தார்கள். வார்டு மெம்பருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் பொத்தானை அமுக்கிப் பழகியிருந்த விரல்கள் மறுபடி ரப்பர் முத்திரையைப் பிடித்தன. மறைப்புக்குள் போய் நாலிலும் முத்திரை குத்தி, மை ஒட்டாமல் மடித்து, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட வேண்டும். எண்ணுகிற அன்று பெட்டியைக் கவிழ்த்து, முதல் வேலையாகச் சீட்டுகளை நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். பெரிய ஓட்டுக்கு அரை நாளில் நிலவரம் தெரிந்துவிடும். இந்தச் சின்ன ஓட்டை எண்ணி முடிக்க விடிய விடிய ஆகும்.

ஏரியூர் என்ற பெயரில் ஒரு ஒன்றியக் குழு தேர்தலைச் சந்தித்தது அதுதான் முதல் தடவை. அதுவரை பென்னாகரம் ஒன்றியத்தின் தென்கோடி என்றுதான் இந்தப் பகுதிக்கு அடையாளம். ஒரு பக்கம் காவிரி, அதாவது மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்பு. மறுபக்கம் கரடும் காடும். நடுவில் நாகமரை, பெரும்பாலை, சுஞ்சல்நத்தம், ராமகொண்டஅள்ளி என்று ஊர்கள். ஒன்றிய அலுவலகம் ஏரியூருக்கு வந்ததால் ஒரு மனுவோடு அலைகிற தூரம் குறைந்தது. இந்தப் பக்கத்துத் தேர்தல் வரலாற்றை அந்தத் தூரத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். மக்கள் பேரால் முடிவெடுக்கிற சபை முதலில் சென்னையில் இருந்தது; பிறகு சேலம், தர்மபுரி, பென்னாகரம் என்று நகர்ந்து வந்தது. ஏரியூரை எட்ட அதற்கு ஏறத்தாழ நூறு வருஷம் பிடித்தது.

நூறு வருஷத்துக்கு முன்பு தர்மபுரி சேலம் ஜில்லாவுக்குள் ஒரு தாலுகா. 1919-ஆம் ஆண்டு மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி சென்னை மாகாணச் சட்டசபைக்கு 1920 நவம்பரில் தேர்தல் நடந்தது. மாகாணத்தின் ஜனத்தொகை நாலு கோடிக்கு மேல். ஓட்டு உள்ளவர்கள் பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம். நூறு பேரில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். கிராமத்தில் ஓட்டு வேண்டுமென்றால், பட்டாவில் உள்ள நிலத்துக்கு வருஷத் தீர்வை பத்து ரூபாயாவது இருக்க வேண்டும். வருமான வரி கட்டுகிறவருக்கும், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவருக்கும் ஓட்டு உண்டு.

பத்து ரூபாய் என்பது கேட்பதற்குச் சின்னத் தொகை. ஆனால் அது எல்லா ஊரிலும் ஒரே பத்து ரூபாய் இல்லை. காவிரி பாய்கிற தஞ்சாவூர் நஞ்சைக்கு ஏக்கர் தீர்வை அதிகம். சில ஏக்கர் வைத்திருந்தாலே ஓட்டு வந்துவிடும். அதே காவிரி பள்ளத்தில் ஓட, மேட்டில் மழையை நம்பி ராகியும் எள்ளும் துவரையும் விதைக்கிற புஞ்சைக்காரருக்குத் தீர்வை கம்மி. பத்து ரூபாய்க் கணக்கை எட்ட அவருக்குப் பெரிய பண்ணையே வேண்டும். வறண்ட சீமை என்று இரக்கப்பட்டுக் குறைத்த வரிதான் அவருடைய ஓட்டையும் பறித்தது. குத்தகைக்கு உழுதவர், கூலிக்குப் போனவர் பேரெல்லாம் கணக்கிலேயே இல்லை. கர்ணத்தின் புத்தகத்தில் எவன் பெயரில் பட்டாவோ அவனே குடிமகன்.

உள்ளாட்சி வரலாறு எழுதுகிறவர்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டைத் தொடாமல் விடுவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் குடவோலை முறையிலும், வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். ஆயிரம் வருஷம் கழித்து வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டமும் அதே கேள்வியைத்தான் கேட்டது: நிலம் எவ்வளவு? உத்திரமேரூரைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் அந்தக் கால் வேலியையும் சேர்த்துச் சொல்லலாம்.

காந்தியின் ஒத்துழையாமை அறைகூவலால் 1920 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. ஓட்டு இருந்தவர்களிலும் நாலில் ஒருவர்தான் போட்டார். தேர்ந்தெடுக்கப்பட்ட 98 பேரில் 63 பேர் நீதிக்கட்சிக்காரர்கள். அவர்கள் மந்திரிசபை அமைத்தார்கள். 1921-இல் பெண்களுக்கும் ஓட்டுரிமை என்று அந்தச் சபை தீர்மானம் போட்டது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களிலேயே முதலாவது அதுதான். ஆனால் அங்கேயும் பட்டா குறுக்கே நின்றது. பெண் பெயரில் பத்து ரூபாய்த் தீர்வைக்கு நிலம் எழுதிவைத்த குடும்பம் எத்தனை இருந்திருக்கும்?

அந்த ஆட்சியின் ஏற்பாட்டுக்கு இரட்டையாட்சி என்று பெயர். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை மக்கள் தேர்ந்தெடுத்த மந்திரிகளிடம். போலீஸ், நிதி, நிலவரி, நீர்ப்பாசனம் கவர்னர் கையில். இது காகிதத்தில் எப்படிப்பட்டது என்பதைப் பள்ளிப் புத்தகத்தில் படிக்கலாம். மண்ணில் எப்படிப்பட்டது என்பதை ஏரியூர்ப் பக்கத்தில் பார்க்கலாம். மேட்டூர் அணைத் திட்டத்துக்கு ஒப்புதல் வந்து 1925-இல் வேலை தொடங்கியது. நீர்ப்பாசனம் கவர்னரின் நிர்வாகசபையைச் சேர்ந்ததால், அதைக் கவனித்தவர் சட்ட உறுப்பினர் சர் சி.பி. ராமசாமி ஐயர். அவர் தேர்தலில் ஜெயித்து வந்த மந்திரி இல்லை, நியமிக்கப்பட்டவர். 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது. கவர்னர் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் ஆனது. 120 அடி உயரத்துக்குத் தேங்கிய தண்ணீர் தஞ்சாவூர் வயல்களுக்குப் போனது. அது தேங்கிய இடத்தில் இருந்த ஊர்கள் எழுந்து மேட்டுக்குப் போயின.

நாகமரையில் இருந்து அக்கரை பார்த்தால் பண்ணவாடி. இடையில் பரிசலும் விசைப்படகும் ஓடுகின்றன. அணையில் தண்ணீர் வடிகிற வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தி தலை காட்டும். பழைய மாதா கோயிலின் கோபுரமும் வெளியே வரும். ஜனங்கள் படகேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். முழுகியவர்களில் எத்தனை பேருக்குப் பத்து ரூபாய்த் தீர்வை இருந்திருந்தாலும் பலன் ஒன்றுதான். அணையைப் பற்றிய முடிவு அவர்கள் ஓட்டுப் போட்ட மந்திரிகளின் மேசைக்கே போகவில்லை.

மாகாணத் தேர்தல் இந்தச் சீமையை உண்மையில் தொட்டது 1937-இல். 1935 சட்டத்தால் வாக்காளர் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது; எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கும் ஓட்டு வந்தது. படிக்கத் தெரியாதவருக்காக ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிறப் பெட்டி. காங்கிரசுக்கு மஞ்சள். மங்கலமான நிறம், பெண்களிடம் விளக்கிச் சொல்லக்கூடத் தேவையில்லை. மஞ்சள் பெட்டி என்பதே அந்தத் தேர்தலின் பேச்சாகிப் போனது. 215 இடங்களில் 159 காங்கிரசுக்கு. முதல்வராக வந்தவர் சேலம் ஜில்லாக்காரர், ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. அவர் மந்திரிசபையில் இருந்த குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயனும் இதே ஜில்லா. 1926 முதல் 1930 வரை முதல் மந்திரியாகவே இருந்தவர்.

1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலானது. மாகாணத்தில் முதல் ஜில்லா. தர்மபுரி தாலுகாவின் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் அன்றோடு மூடப்பட்டன. மரமேறிகளின் பிழைப்புப் போனது. சந்தைக்குப் போன ஆண்கள் காசோடு வீடு திரும்பினார்கள். எதை முதலில் சொல்வது என்பது சொல்கிறவரைப் பொறுத்தது. எப்படியானாலும், பட்டணத்துச் சபை ஒன்றில் கை தூக்கினால் தன் ஊர்க் கடையின் கதவு சாத்தப்படும் என்பதை இந்தப் பக்கத்து ஆள் கண்ணால் பார்த்தது அப்போதுதான். அரசுக்கு வந்துகொண்டிருந்த கள்ளு வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் வந்ததுதான் விற்பனை வரி. கள்ளுக்கடை பல தடவை மூடித் திறந்துவிட்டது. அந்த வரி போகவே இல்லை.

பட்டா, படிப்பு எல்லாம் கழன்று விழுந்தது சுதந்திரத்துக்குப் பின். 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு என்று அரசியல் சட்டம் சொன்னது. நாடு முழுவதும் 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். சென்னை மாநிலத்தில் 1952 ஜனவரியில் வாக்குப்பதிவு. இன்றைய சீட்டு மாதிரி அன்று வேட்பாளர் பெயரெல்லாம் அச்சடித்திருக்காது. மறைப்புக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒன்றாக இரும்புப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். பெட்டி மேல் சின்னம். நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை என்றால் காங்கிரஸ். ரூபாய் நோட்டு அளவுள்ள சீட்டை வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். சில இடங்களில் பெட்டியைக் கும்பிட்டவர்களும், குறையை எழுதி உள்ளே போட்டவர்களும் உண்டு. சிரிக்க வேண்டாம். சர்க்கார் என்பது அவர்கள் ஊருக்கு அவ்வளவு அருகில் அதற்கு முன்பு வந்ததே இல்லை.

375 இடங்களில் காங்கிரசுக்கு 152 மட்டுமே. வட தமிழகத்து வன்னியர்களின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களும் காமன்வீல் கட்சி 6 இடங்களும் பிடித்தன; காமன்வீலின் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். ஏப்ரலில் ராஜாஜி மறுபடி முதல்வர், இந்தத் தடவை மேலவைக்கு நியமிக்கப்பட்டு. 1937-இல் அவர் நின்றது பல்கலைக்கழகத் தொகுதி. சேலம் ஜில்லா தந்த முதல்வர் இரண்டு தடவையும் சேலத்துக் குடியானவரிடம் ஓட்டுக் கேட்காமலேயே நாற்காலியில் உட்கார்ந்தார்.

சபை கிராமத்தை நோக்கி நகரத் தொடங்கியது காமராசர் காலத்தில். 1958-இல் பஞ்சாயத்துச் சட்டம். 1960 அக்டோபர் 2 முதல் படிப்படியாக ஊராட்சி ஒன்றியங்கள். சேலத்தில் உட்கார்ந்து இவ்வளவு பெரிய ஜில்லாவையும் பார்த்துக்கொண்டிருந்த ஜில்லா போர்டு கலைந்தது. ஊராட்சித் தலைவர்கள் கூடி ஒன்றியக் குழு. அவர்களில் இருந்து ஒரு சேர்மன். ஆரம்பப் பள்ளி, கிராமச் சாலை, குடிநீர்க் கிணறு எல்லாம் சேர்மன் கைக்கு வந்தன. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்று இன்றைக்கும் பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருப்பது அந்தக் காலத்து மிச்சம். 1965 அக்டோபர் 2-இல் தர்மபுரி தனி மாவட்டமானது. சேலம் போய்க் கலெக்டரைப் பார்க்கிற அலைச்சல் தீர்ந்தது.

நகர்ந்து வந்த சபை அடிக்கடி காணாமலும் போனது. 1970-இல் உள்ளாட்சித் தேர்தல், அடுத்தது 1986. அதற்கடுத்து 1996. சட்டமன்றத் தேர்தலைப் பதினாறு வருஷம் தள்ளி வைத்தால் நாடு கொதித்திருக்கும். ஊராட்சித் தேர்தலைத் தள்ளி வைத்தபோது ஒரு ஈ காக்கையும் கத்தவில்லை. 73-ஆவது திருத்தம் வந்து, 1994-இல் புதுச் சட்டம் இயற்றி, மாநிலத் தேர்தல் ஆணையமும் அமைந்த பிறகு 1996, 2001, 2006, 2011 என ஒழுங்காக நாலு தேர்தல். 2016-இல் அறிவிப்பில் குறை என்று நீதிமன்றம் நிறுத்தியது. மூன்று வருஷம் கழித்து 2019-இல்தான் பெட்டி வந்தது.

அப்படி வந்த தேர்தலில்தான் ஏரியூர் தனி ஒன்றியமாக ஓட்டுப் போட்டது. இடங்களில் பாதி பெண்களுக்கு. ஊராட்சித் தலைவருக்கும் வார்டுக்கும் கட்சி கிடையாது. பூட்டு சாவி, கத்தரிக்காய் என்று சின்னம். ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் கட்சிச் சின்னம். கவுன்சிலர்கள் ஜெயித்த கையோடு, சேர்மன் ஓட்டு வரைக்கும் அவர்களை வேனில் ஏற்றி எங்காவது கூட்டிப் போய் வைத்துக்கொள்கிற வழக்கம் தமிழ்நாடு முழுக்க உண்டு. பெண் தலைவரின் நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்துகொள்வதும் அப்படித்தான். இதே பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலைக்குச் சாலை இல்லாமல் தேர்தல் சாமான்களைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோன வருஷங்களும் உண்டு. கழுதை ஏறிப் போன இயந்திரத்தைப் படம் பிடித்துப் போட்ட பத்திரிகைகள், அடுத்த ஐந்து வருஷம் அந்தப் பாதையை மறந்துவிடும்.

தேர்தல் தள்ளிப்போய்ச் சபை காணாமல் போவது இங்கே மட்டும் இல்லை. கடலுக்கு அப்பால் இலங்கையில் வடக்கு மாகாணசபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டம்பரில் நடந்தது. முப்பத்தெட்டில் முப்பது இடம் பிடித்துத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஆட்சி அமைத்தது, விக்னேஸ்வரன் முதலமைச்சர். 2018 அக்டோபரில் காலம் முடிந்ததும் ஆளுநர் பொறுப்பேற்றார். ஓட்டுப் போட ஆள் இருந்தது, தேர்தலைத்தான் நடத்தவில்லை.

ஏரியூர் ஒன்றியத்தின் முதல் குழு 2020 ஜனவரி 6-ஆம் தேதி பதவியேற்றது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அதன் ஐந்தாண்டு முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தல் நடத்தப்படவில்லை. மறுநாளில் இருந்து ஒன்றியத்தின் கோப்புகளில் கையெழுத்து தனி அலுவலருடையது.