கிறாண்ட் சென்றல் நிலையத்தின் வழக்கு

தன் கட்டடத்தை மாற்றிக் கட்ட ஒருவன் பிறரிடம் அனுமதி கேட்பானேன்? நியூயோர்க் நகரத்தார் இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாற்றை நாம் ஈண்டு நோக்குவோம்.

1910இல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா புகையிரத நிலையத்தை அதன் சொந்தக்காரர் 1963இல் இடிக்கத் தொடங்கியபோது தடுக்கச் சட்டமிருக்கவில்லை. அதன் பெருந்தூண்கள் நியூ ஜேர்சிச் சதுப்பு நிலத்திலே குப்பையாகக் கொட்டப்பட்டன. நகரம் கண்விழித்தது. 1965இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1913இல் திறந்த கிறாண்ட் சென்றல் நிலையம் 1967இல் அதன் காவலுக்குள் வந்தது.

மறு ஆண்டே பென் சென்றல் கம்பெனியார் அந்நிலையத்தின் தலைமேல் 55 மாடி அலுவலகமொன்றை எழுப்ப விண்ணப்பித்தனர். வரைந்தவர் மாசெல் புறொயர் என்னும் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர். முகப்பையே இடித்துவிடும் மற்றொரு திட்டமும் வந்தது. முகத்தை அறுத்தபின் காப்பதற்கு எஞ்சுவது யாதோ! பாதுகாப்பு ஆணைக்குழு 1969இல் இரண்டையும் மறுத்தது.

கம்பெனியார் வழக்குத் தொடுத்தனர். அழகு ஊராருக்கு, நட்டம் எமக்கோ என்பது அவர் முறைப்பாடு. அதை நாம் எளிதிலே தள்ளிவிடலாகாது. 1975இல் கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்த்தது. மேல் மன்றங்கள் அதனை மாற்றின. ஈற்றில், 1978 ஜூன் 26இல், அமெரிக்க உயர் நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் நின்றது. நிலையம் நிலையமாகவே தொடர்ந்து பயன் தரும். மேலே கட்டும் உரிமையை அயற்காணிகளுக்கு மாற்றவும் வழியுண்டு என்றனர் நீதிபதிகள். இன்னுமொன்றையும் சுட்டிக்காட்டினர்: இதனிலும் சிறியதொரு கட்டடத்துக்குக் கம்பெனியார் அனுமதி கேட்டதேயில்லை.